இளவரசிக்கு எந்த ஊர்?

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்பது கதையின் பெயர். எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் அண்ணன்கள் இருவரும் முத்து காமிக்ஸ் பைத்தியங்கள். இரும்புக்கை மாயாவியை வரிசையாக அடுக்கி, எண் போட்டு, டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். புது இதழைப் பெரியண்ணன்தான் பேருந்து நிலையக் கடையில் வாங்கி வந்தான். கதாநாயகி ஒரு பெண் என்று தெரிந்ததும், “இந்தா, நீ வச்சுக்க” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனான். அதுவரை அந்த வீட்டில் எனக்கென்று ஒரு காமிக்ஸ் புத்தகம் இருந்ததில்லை.

மாடஸ்டி பிளைசி. ஆங்கிலத்தில் அந்தக் கடைசிப் பெயர் பிளேஸ் என்று ஒலிக்கும் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு இன்றைக்கும் பிளைசிதான். தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் கூடிப் பேசும்போது அந்தப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம்; ‘இளவரசி’ என்போம். அவளுடைய தோழன் வில்லி கார்வின் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். மூலக் கதையில் அந்த உரிமை அவன் ஒருவனுக்கு மட்டும்தான். தமிழில் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அவளுக்குப் பறக்கத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கும் கண்ணும் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் காங்கோ என்ற ஒரு சிறு கட்டையை வைத்துக்கொண்டு, தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆளைச் சாய்ப்பாள். சூப்பர் ஹீரோயின் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், பதினொரு வயதில் நான் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்கும் எண்ணம் இல்லை.

அந்த வயதில் எனக்குத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு. இவளுடைய அம்மா அப்பா யார்? எங்கே போனார்கள்?

இப்படிப்பட்ட கதைகளில் அதுதான் முதலில் வரவேண்டிய கேள்வி. முகமூடி போட்டவர்களின் கதை பெரும்பாலும் ஒரு சாவு வீட்டில்தான் தொடங்கும். பேட்மேன் 1939-இல் அறிமுகமான சில மாதங்களிலேயே, கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவனாக அவனை வரைந்துவிட்டார்கள். வாசகனுக்குக் காரணம் வேண்டும். இவன் ஏன் ராத்திரியில் கூரை கூரையாகத் தாவுகிறான் என்று கேட்டால், இதோ பார், அந்தச் சந்து, அந்தத் துப்பாக்கி, அம்மாவின் கழுத்திலிருந்து அறுந்து சிதறும் முத்துமாலை என்று காட்ட வேண்டும்.

சூப்பர்கேர்ள் கதை இன்னும் கொடியது. 1959 மே மாத ஆக்‌ஷன் காமிக்ஸில் ஓட்டோ பைண்டர் எழுத, அல் பிளாஸ்டினோ வரைந்தது. கிரிப்டான் கோள் வெடித்தபோது பிய்ந்துபோன ஒரு துண்டின் மேல் ஆர்கோ என்ற நகரம் தப்பிவிடுகிறது. கொஞ்ச காலத்தில் காலடி மண்ணே நஞ்சாகிறது. ஜனங்கள் தரையெங்கும் ஈயத் தகடு பரப்பி அதன்மேல் வாழ்கிறார்கள். அந்தத் தகட்டின் மேல்தான் பிற்பாடு சூப்பர்கேர்ள் ஆகப்போகும் கேரா பிறக்கிறாள், வளர்கிறாள். பிறகு விண்கற்கள் விழுந்து தகட்டைப் பொத்தலாக்குகின்றன. ஊர் சாகத் தொடங்குகிறது. அப்பா ஸோர்-எல் மகளை மட்டும் ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்புகிறார். பூமியில் அவளை எதிர்கொள்வது பெரியப்பா மகன் சூப்பர்மேன். இந்த உலகத்தில் அவளுக்கு மிஞ்சிய ஒரே சொந்தம். அவன் என்ன செய்கிறான் தெரியுமா? பழுப்புநிறப் பொய்முடி வைத்து, லிண்டா லீ என்று பெயர் மாற்றி, ஓர் அநாதை இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறான். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஊர் மொத்தத்தையும் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அண்ணன் வீட்டில் ஒரு அறைகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தச் சோகத்தையும் அவளிடம் நிலைக்க விடவில்லை. 1964-இல் அவளுடைய அப்பா அம்மா சாகவே இல்லை, வேறொரு வெளியில் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு கதை எழுதி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1985-இல் அவளையே கொன்றார்கள். கொன்றதோடு விடாமல், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று வரலாற்றையும் மாற்றினார்கள். அதே சமயத்தில் அழிக்கப்பட்ட இன்னொருத்தி ஹன்ட்ரஸ் என்ற ஹெலனா வெய்ன். 1977-இல் பிறந்த பாத்திரம். பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் மகள். பழைய பாவம் ஒன்று துரத்தி வந்து அம்மாவின் உயிரை எடுக்க, அப்பா முகமூடியைக் கழற்றி வைத்துவிட, மகள் வில்லை எடுக்கிறாள். நல்ல கதை. சில வருடத்தில், அவள் பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது. 1989-இல் ஹெலனா பெர்டினெல்லி என்ற வேறொரு பெண்ணுக்கு அதே பட்டப்பெயரைக் கொடுத்து, மாஃபியாக் குடும்பத்தில் பிறக்க வைத்து, அந்தக் குடும்பத்தையும் கொன்றார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பது அறுபது வருடம், கை மாறி கை மாறி எழுதப்படும் கதைகளில் இது நடக்கத்தான் செய்யும். ஆனால் தாய் தகப்பனின் சாவு அங்கே ஒரு மேடைப் பொருள் போல ஆகிவிடுகிறது. தேவைப்பட்டால் நடுவில் கொண்டுவந்து வைக்கலாம், தேவையில்லாதபோது உள்ளே எடுத்துப் போகலாம்.

மாடஸ்டிக்கு அந்த மேடைப் பொருளே கிடையாது.

1963 மே 13 அன்று லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் அவள் கதை தொடங்கியது. எழுதியவர் பீட்டர் ஓடோனல், வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. முதலில் டெய்லி எக்ஸ்பிரஸ் இதழ்தான் கேட்டு வாங்கியது. குற்ற உலகத்திலிருந்து வந்த ஒருத்தி கதாநாயகியா என்று அங்கே தயங்கிக் கைவிட்டார்கள். முதல் கதை தொடங்கும்போதே அவள் பணக்காரி, தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டவள், சலித்துப் போயிருப்பவள். பின்கதையை மூன்று வருடம் கழித்து, 1966-இல்தான் தனியாக எழுதினார் ஓடோனல். அதுவும் பன்னிரண்டே பட்டைகளில்; பட்டை என்றால் நாளிதழில் ஒரு நாளைக்கு வரும் ஒரு வரிசைப் படங்கள். புதிதாகத் தொடரை வெளியிடத் தொடங்கும் பத்திரிகைகளின் வாசகர்களுக்கு, இவள் யார் என்று சொல்வதற்காக.

டைட்டன் பதிப்பகத்தின் மறுபதிப்பில் அந்தப் பன்னிரண்டு பட்டைகளை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திருப்பினேன். இப்போது அம்மாவைக் காட்டுவார்கள், அப்பாவைக் காட்டுவார்கள், வீடு எரிவதைக் காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. 1945. காலிரோஸ் என்ற இடத்தில் ஓர் அகதி முகாம், கிரேக்க நாட்டில். அங்கிருந்து ஒரு சிறுமி தப்பிப் போகிறாள். பெயர் இல்லை. ஊர் தெரியாது. வயது எத்தனை என்று அவளுக்கே தெரியாது. நடந்தது எதுவும் நினைவில் இல்லை. மனம் அதை மூடிவிட்டது. கதை அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் போவதே இல்லை.

அப்புறம் நடக்கிறாள். மத்தியதரைக் கடலைச் சுற்றி, மேற்கு ஆசியாவின் ஊர்களையும் பாலைகளையும் தாண்டி, வடக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் வருடக்கணக்கில் நடக்கிறாள். திருடுகிறாள், பட்டினி கிடக்கிறாள், சண்டை போடக் கற்றுக்கொள்கிறாள். அந்த வழியில் அவளுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பிற்பாடு நாவல்களில் ஓரிரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார் ஓடோனல்.

வழியில் ஒரு முதியவர் சேர்கிறார். லோப் என்று பெயர். புடாபெஸ்ட் நகரத்து யூதர், பெரிய படிப்பாளி, அவரும் நாடற்றவர். அவரை அவள் காப்பாற்றுகிறாள். உணவு தேடிக் கொடுக்கிறாள். அவர் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடமே கண்ணில் காணாத ஒரு பெண், மணலில் நடந்துகொண்டே மொழிகளையும் வரலாற்றையும் கற்கிறாள். மாடஸ்டி என்று பெயர் வைத்தது அவர்தான். அடக்கம், நாணம் என்று பொருள்படும் பெயர். தன்னைத் தொட வருகிறவனைக் குத்தத் தயங்காத பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்த கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிளைசி என்பதை அவளே பின்னால் சேர்த்துக்கொண்டாள். ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லினின் ஆசிரியர் பெயர் அது. பெயருக்குப் பின்னால் மற்றவர்கள் தகப்பன் பெயரையோ குடும்பப் பெயரையோ வைப்பார்கள். அவளிடம் அது இல்லை. அவளுக்கு இருந்த உறவு ஒரு வாத்தியார்தான். அதனால் ஒரு வாத்தியாரின் பெயரைக் கதையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

லோப் இறந்த பிறகு டாஞ்சியர் நகரத்துக்கு வந்து சேர்கிறாள். ஹென்றி லூஷ் என்பவனின் கும்பல், அவனுக்குப் பிறகு அவள் தலைமை, ‘நெட்வொர்க்’ என்று அது சர்வதேச அளவில் விரிந்தது, இதெல்லாம் வேகமாக ஓடிவிடும். எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு ஈர்ப்பு இல்லை. ஆனால் 1965-இல் வந்த முதல் நாவலில் ஒரு தகவல் உண்டு, அது மனத்தில் நிற்கும். பிரிட்டிஷ் உளவுத்துறை வைத்திருக்கும் கோப்பை ஓர் அதிகாரி வாசித்துக் காட்டுகிறார். அவள் வயது உத்தேசமானது என்கிறது கோப்பு. பெய்ரூட்டில் ஓர் ஆங்கிலேயனைப் பெயருக்குக் கல்யாணம் செய்து, உடனே விலகி, அந்த வழியாக பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருக்கிறாள். கோடிக்கணக்கில் பணம் சேர்த்தவளுக்கும் ஒரு நாட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ளக் காகிதம் தேவைப்பட்டது. அகதி முகாமைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் புரியும்.

ஓடோனல் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன்.

1942-இல் அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில், வானொலித் தகவல் பிரிவில் இருந்தார். இருபத்திரண்டு வயது. பாரசீகத்தின் வடக்கே, காக்கசஸ் மலைகளை ஒட்டி அவருடைய சின்னப் படைப்பிரிவு முகாமிட்டிருந்தது. ஜெர்மானியர்கள் அந்த வழியாக இறங்கி எண்ணெய் வயல்களைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்கான காவல். போருக்குத் தப்பிய அகதிகள் அந்தப் பக்கமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஒரு நாள் ஒரு சிறுமி தனியாக வந்தாள். கூட யாரும் இல்லை. கழுத்திலிருந்து கையால் செய்த ஓர் ஆயுதம் தொங்கியது. வீரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். கிட்டே வராமல், தள்ளியே இருந்து சாப்பிட்டாள். புறப்படும்போது ஒரு சிரிப்புச் சிரித்தாளாம். ஒரு சின்ன ஊருக்கே விளக்கேற்றியது போன்ற சிரிப்பு என்று ஓடோனல் பிற்காலத்தில் எழுதினார். பிறகு ஓர் இளவரசியைப்போல நிமிர்ந்து நடந்து போய்விட்டாள்.

இவ்வளவுதான். ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். இருபது வருடம் கழித்து, வலுவான ஒரு பெண் பாத்திரம் வேண்டும், அவள் எங்கிருந்து வந்திருப்பாள் என்று யோசித்தபோது, அந்தச் சிறுமி அவர் முன்னால் வந்து நின்றாள்.

அவள் பெயரை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. எந்த ஊர், யாரைப் பறிகொடுத்தாள், எதுவும் தெரியாது. மாடஸ்டிக்கு அப்பா அம்மா எழுதப்படாததற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அவர் அப்படி எங்காவது சொன்னார் என்று நான் சொல்லவில்லை; இது என் வாசிப்பு. 2001 ஏப்ரல் 11 வரை, அதாவது அவருடைய 81-வது பிறந்தநாள் வரை, அந்தத் தொடரை அவர் ஒருவரே எழுதினார். ஹோல்டவே 1970-இல் இறந்தார். ரொமேரோ வந்தார், இன்னும் மூவர் வந்து போனார்கள், மறுபடி ரொமேரோ வந்தார். வரைந்த கைகள் மாறின, எழுதிய கை மாறவில்லை. 38 வருடம், 10,000-க்கும் மேற்பட்ட தினசரிப் பட்டைகள், அதுபோக பதினொரு நாவல்கள், இரண்டு கதைத் தொகுப்புகள். காணாமல் போன தாய் திரும்பி வந்தாள் என்று ஒரு கதை எழுத எத்தனை முறை கை அரித்திருக்கும்! ஒரு தடவைகூடச் செய்யவில்லை. தான் பார்த்த பிள்ளையின் தாயை அவருக்குத் தெரியாது. தெரியாத தாயை அவர் எழுதவில்லை.

காமிக்ஸ் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மாடஸ்டியின் குடும்பத்துக்கு நடந்தது என்ன என்று ஒரு முழு ஆல்பம் வந்திருக்க வேண்டும், அது இல்லாதது தொடரின் பெரிய குறை என்பார். பல வருடமாக நாங்கள் இதில் சண்டை போடுகிறோம். நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் காமிக்ஸுக்கு வெளியே இருக்கிறது.

என் அப்பத்தாவும் 1942-இல் நடந்தவள். பர்மாவிலிருந்து. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். அரக்கான் மலை தாண்டிச் சிலர், மணிப்பூர்ப் பக்கமாகச் சிலர். காலராவிலும் பசியிலும் வழியெல்லாம் விழுந்தார்கள். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் பர்மாவுக்குப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. அப்பத்தாவுக்குப் பத்து வயது. ஐந்து பேராகக் கிளம்பிய குடும்பத்தில் ஊர் வந்து சேர்ந்தது அவள் மட்டும். இந்த விவரம்கூட, அவளைக் கூட்டி வந்து சேர்த்தவர்கள் சொல்லித்தான் எங்கள் வீட்டில் தெரியும். அவளாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டிருக்கிறேன். அப்பா கேட்டிருக்கிறார். “அது போகுதுத்தா, நீ சாப்பிட்டியா?” என்பாள்.

மறந்துவிட்டாளா, மூடி வைத்திருக்கிறாளா என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு என்று எனக்குக் காட்டியது மாடஸ்டிதான். நாவல்களில் ஒரு வழக்கம் வரும். சண்டை நடக்கும்போது கல்போல இருப்பாள். எல்லாம் முடிந்து, ஆபத்து விலகிய பிறகு கொஞ்ச நேரம் அழுவாள். வில்லி பக்கத்தில் இருந்தால் மட்டும்தான் அழுவாள். அவனும் அநாதை இல்லத்தில் வளர்ந்தவன். சிறையில் கிடந்தவனை வெளியே எடுத்து, உன்னால் முடியும் என்று நம்பியவள் அவள். அவன் ஏன் என்று கேட்க மாட்டான், எதையும் நினைவுபடுத்த மாட்டான். காதலர்களாகவும் ஆகாமல், சண்டையும் போட்டுக்கொள்ளாமல், இத்தனை வருடம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேர். ஊரும் உறவும் இல்லாத இருவர் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட குடும்பம் அது. என் அப்பத்தாவுக்கு அப்படி ஒரு தோழி இருந்தாள், மூன்றாம் வீட்டில். அவளும் பர்மாக்காரி. சாயங்காலம் இருவரும் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வெற்றிலை மடித்துக் கொடுப்பதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

1996-இல் வந்த கடைசித் தொகுப்பில் மாடஸ்டியின் சாவையும் எழுதிவிட்டார் ஓடோனல். ஐம்பது வயதைத் தாண்டியவள். உள்ளுக்குள் நோய் முற்றியிருக்கிறது. மற்றவர்கள் தப்பிப் போகட்டும் என்று பின்னால் நின்று சண்டை போட்டுச் சாகிறாள். வில்லியும் கூடவே. அதை வாசிக்காதவர்களுக்கு வாசிக்கச் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். நான் ஒரே தடவைதான் வாசித்தேன். தன் பாத்திரத்துக்கு முடிவு எழுதியவர், அந்தக் கடைசிப் பக்கங்களில்கூட அவளுக்குத் தாய் முகத்தைக் காட்டவில்லை. கண்மூடும் நேரத்தில் பழைய நினைவு திரும்பியது என்று ஒரு வரி போதும், வாசகர்கள் கதறியிருப்பார்கள். எழுதவில்லை.

அந்தப் பன்னிரண்டு பட்டைகள் வந்த டைட்டன் புத்தகத்தை நான் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். அப்பத்தா அப்போது இருந்தாள். கண் கொஞ்சம் மங்கியிருந்தது, காது நன்றாகக் கேட்கும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படம் பார்ப்பாள். திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னத்தா பொம்மைப் புத்தகம் பார்க்கிற, கல்யாணமாகிப் புள்ளை பெத்த பிறகு?” என்று கேட்டாள். சிறுமி தனியாக நடந்து போகும் பக்கத்தைக் காட்டினேன். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்த பிள்ளை, இவ்வளவு தூரம் நடந்தே போனாள் என்று மட்டும் சொன்னேன். 1942 என்றோ பர்மா என்றோ சொல்லவில்லை.

புத்தகத்தை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சின்னக் கட்டம், கறுப்பு மையில் வரைந்த சின்ன உருவம். விரலை அந்தப் பிள்ளையின் காலடியில் வைத்தாள்.

“துணி சுத்திக்கிடணும்த்தா கால்ல,” என்றாள். “செருப்பெல்லாம் மூணு நாளுக்கு மேல நிக்காது.”

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.